காபிக்கு இரண்டு வேலை: வீட்டில் ஒரு மூன்றடுக்கு பிரௌனி

சாக்லேட் மாவில் கொஞ்சம் காபி சேர்த்தால் சாக்லேட்டின் ருசி தூக்கலாகத் தெரியும் என்று பேக்கிங் பழகுகிற எல்லோரும் எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். சரியான பேச்சுதான். ஆனால் அங்கே காபி வாயில் தனியாகத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் சாக்லேட் பின்னால் போய்விடும். இன்னொரு பக்கம் பாருங்கள், நம் வீடுகளில் காபி பிரௌனி என்று சொல்லித் தட்டை நீட்டினால், முதல் கடியிலேயே காபி மணம் மூக்குக்கு ஏற வேண்டும். விடிந்ததும் டிகாஷன் வாசனையில் கண்விழிக்கிறவர்களிடம் பேருக்குக் காபி காட்டி ஒப்பேற்ற முடியாது.

ஒளிந்திருக்கவும் வேண்டும், முன்னால் வந்து நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மாவில், ஒரே காபித்தூளை வைத்துச் சாதிக்க முடியாது என்பது என் கட்சி. அதனால்தான் அடுக்கு. அடியில் டிகாஷன் கலந்த கனமான பிரௌனி, அங்கே காபி சாக்லேட்டுக்குத் துணை. நடுவில் காபி ஊறிய கிரீமில் செய்த வெள்ளைச் சாக்லேட் அடுக்கு, அங்கே காபிதான் ராஜா. மேலே மெல்லிசாக ஒரு டார்க் சாக்லேட் பூச்சு. காபித்தூளும் இரண்டு விதம், சேர்க்கும் முறையும் இரண்டு விதம். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், இந்த இரண்டும் ஏன் இப்படிச் சேர்கின்றன? காபியும் கோகோவும் பழத்துக்குள் இருக்கும் விதைகள். இரண்டுமே பச்சையாக இருக்கும்போது நமக்குத் தெரிந்த மணம் எதுவும் இருக்காது. வறுக்கும்போதுதான் விதையில் இருக்கும் சர்க்கரையும் புரதப் பொருள்களும் சேர்ந்து அந்த வறுபட்ட வாசனையை உண்டாக்குகின்றன. பைரஸின் என்று வேதியியலில் சொல்லும் வாசனைப் பொருள்கள் இரண்டிலுமே இருக்கின்றன. கசப்பும் இரண்டுக்கும் பொது, ஓர் ஓரமாக நிற்கும் புளிப்பும் பொது. ஆகவே நாக்கு இதையும் அதையும் அந்நியமாகப் பிரிப்பதில்லை. அளவோடு இருந்தால் ஒன்றில் குறைவதை மற்றது நிரப்புகிறது.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வால்பாறை மலையில் தேயிலையோடு காபியும் விளைகிறது. அந்த மலை இறங்கினால் ஆனைமலை, பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. தென்னையின் அரை நிழல் அதற்குப் பிடித்தமான இடம். தெரிந்தவர்கள் தோப்புக்கு ஒருமுறை போயிருந்தேன். கோகோக் காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும். மரக்கட்டையால் தட்டி உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதைகள் வரிசையாக இருக்கின்றன. சதையைச் சப்பிப் பார்த்தேன், நல்ல இனிப்பு, பின்னாலேயே புளிப்பு. சாக்லேட்டின் சாயல் துளிக்கூட இல்லை.

அந்த விதைகளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். இடையிடையே பெட்டி மாற்றிக் கிளறிவிட வேண்டும். "கையை உள்ள விட்டுப் பாருங்க அம்மிணி" என்றார் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். விட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அடுப்பே இல்லாமல் அப்படி ஒரு சூடு. புளிக்கும்போது 45 டிகிரியைத் தாண்டும். வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. "இந்தச் சூடு ஏறலைன்னா சாக்லேட்டே இல்லைங்க. அப்புறம் எத்தனை வறுத்தாலும் வெறும் கசப்புதான்" என்றார். அதற்குப் பிறகு வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி, அரைத்து என்று வேலை நீள்கிறது. ஒரு கட்டி சாக்லேட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகு, அதை அடுப்பில் அலட்சியமாகக் காயவிட எனக்கு மனசு வரவில்லை.

இந்தியாவில் கோகோ முதலில் கால் ஊன்றிய இடம் எது தெரியுமா? நம் குற்றாலம். 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து அங்கே நட்டுப் பார்த்தது. வணிகப் பயிராக அது காலூன்றியது வெகு காலம் கழித்து, 1965 வாக்கில் காட்பரி நிறுவனம் வயநாட்டில் தொடங்கி வைத்த பிறகுதான். இன்று ஆனைமலைக் கோகோவில் இங்கேயே சாக்லேட் செய்து விற்கிறார்கள். ஆரோவில்லிலும் செய்கிறார்கள். விலை அதிகம்தான். மேல் பூச்சுக்கு மட்டுமாவது ஒருமுறை வாங்கிப் போட்டுப் பாருங்கள். அந்தப் பழப்புளிப்பு காபியோடு சேரும்போது தனி அழகு.

காபியையும் சாக்லேட்டையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்வதில் பேர்போனது பிரெஞ்சுக்காரர்களின் ஓபரா கேக். பாதாம் மாவில் மெல்லிய கேக், அதில் காபிப் பாகு, அதன்மேல் காபி கலந்த வெண்ணெய் கிரீம், கனாஷ் என்கிற சாக்லேட் கிரீம் என்று மாறி மாறி அடுக்குவார்கள். பாரிஸின் தலுவாயோ கடையில் 1955-இல் பிறந்தது என்பது பரவலான வரலாறு. லெனோத்ர் தரப்பும் அது தங்களுடையது என்று உரிமை கோரியதுண்டு. நான் செய்வது ஓபரா கேக் இல்லை. அதில் உள்ள நியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். காபியும் சாக்லேட்டும் ஒன்றோடொன்று கரையாமல், அவரவர் அடுக்கில் நின்று, வாயில்தான் சந்திக்க வேண்டும்.

பிரௌனி அமெரிக்கச் சரக்கு. சிகாகோவில் 1893-இல் நடந்த உலகக் கண்காட்சிக்கு வரும் பெண்களின் மதிய உணவுப் பெட்டியில் கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஓர் இனிப்பு வேண்டும் என்று பெர்த்தா பால்மர் கேட்டதாகவும், பால்மர் ஹவுஸ் ஹோட்டல் சமையலறை அதைச் செய்து கொடுத்ததாகவும் அந்த ஹோட்டல் இன்றும் சொல்கிறது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஃபேன்னி ஃபார்மரின் 1896-ஆம் வருட சமையல் புத்தகத்தில் பிரௌனி என்ற பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் சாக்லேட்டே கிடையாது, இருப்பது மொலாசஸ், அதாவது கரும்புச் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு. 1906 பதிப்பில்தான் சாக்லேட் வந்து சேர்கிறது.

அந்தக் கரும்பாகு வாசனை பிரௌனிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நாட்டுச் சர்க்கரை போட்டுச் செய்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நான் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைதான் வாங்குவது, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சரக்கு. வெள்ளைச் சர்க்கரையைவிட ஈரம் பிடித்திருப்பதால் பிரௌனி இரண்டு நாள் ஆனாலும் வறண்டு போகாது. ஆனால் முழுக்க நாட்டுச் சர்க்கரையே போட்டால் சாக்லேட் தோற்றுப்போய் வெல்லப் பணியார வாசனை வந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். தூசி தும்பு இல்லாமல் சலித்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

இனி காபித்தூள். அடி அடுக்குக்கு வீட்டில் தினமும் போடுகிற டிகாஷனே போதும். சிக்கரி கலந்ததாக இருந்தால் இன்னும் நல்லது என்றே சொல்வேன். சிக்கரிக்குக் காபியின் மணம் கிடையாது, ஆனால் கெட்டித்தன்மையும் கருகிய சர்க்கரையின் சாயலும் உண்டு. சாக்லேட்டுக்குப் பின்னால் நிற்க அதுதான் வேண்டும். வாங்கும்போது பொட்டலத்தில் சிக்கரி விகிதத்தைப் பாருங்கள், அச்சடித்திருப்பார்கள். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அப்படியென்றால் கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாகவே இருக்கவும் இடம் உண்டு. 80-க்கு 20 என்பது இந்த வேலைக்குச் சரியான கலவை.

நடு அடுக்குக்கு அது ஆகாது. அங்கே சிக்கரி ஒரு துளி இருந்தாலும் கிரீமில் கரைந்து நிறத்தையும் ருசியையும் கனமாக்கிவிடும், மணம் ஏறாது. சுத்தக் காபி, அதுவும் கொரகொரப்பாக அரைத்தது வேண்டும். இதற்காக வழக்கமாக வாங்கும் காபிக்கடையில் போய் நின்றேன்.

"எப்பவும் போலத்தானுங்க அக்கா, ஃபில்டருக்கு?"

"இல்லைங்கண்ணா. இது கிரீம்ல ஊறப் போடறதுக்கு. சிக்கரி வேண்டாம். பொடியா வேண்டாம், ரவை பதத்துல அரைச்சுக் குடுங்க. பீபெரி நல்லா இருக்குமா?"

அண்ணன் அரவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு யோசித்தார். "கிரீம்லீங்களா? அப்ப பீபெரி வேஸ்ட்டுங்க. கொழுப்பு அந்த மணத்தையெல்லாம் அமுக்கிப் போட்டுரும். பிளான்டேஷன் ஏ முக்காப் பங்கு, ரோபஸ்டா காப் பங்கு, ஒரு சுத்து கூட வறுத்தது. அது நிக்குமுங்க."

நூறு கிராம் அரைத்துக் கொடுத்தார். காகித உறை உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது, அரைத்த சூடு. பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் திரும்பித் திரும்பி என் பையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணன் சொன்னது அச்சு அசலாகப் பலித்தது. பாலாடைக் கொழுப்புக்கும் வெள்ளைச் சாக்லேட்டின் இனிப்புக்கும் நடுவில் மென்மையான காபி எடுபடாது. ரோபஸ்டாவின் முரட்டுக் கசப்பு அங்கே தேவை. டம்ளரில் குடிக்க நமக்கு எது உயர்ந்த காபியோ அதுவே எல்லா இடத்துக்கும் உயர்ந்தது என்று இல்லை.

இன்ஸ்டன்ட் காபித்தூளைக் கரைத்து ஊற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். அடி அடுக்கில் தாராளமாக ஊற்றலாம், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நடு அடுக்கில் வேண்டாம். கசப்பு வரும், நிறம் வரும், அரைத்த காபியின் மணம் வராது. டிகாஷனையும் அங்கே ஊற்ற முடியாது, தண்ணீர் அதிகமாகி அடுக்கு உறையாமல் தளதளவென்று நிற்கும். சுண்டக் காய்ச்சினாலோ மணமெல்லாம் ஆவியோடு போய் கருகல் ருசிதான் மிஞ்சும். காபியின் வாசனைப் பொருள்களில் நிறைய கொழுப்பில் கரையக்கூடியவை. ஆகவே கிரீமிலேயே ஊறப் போடுவதுதான் வழி.

முந்தின நாள் ராத்திரி 150 மில்லி ஃப்ரெஷ் கிரீமைச் சூடாக்குங்கள். கொதிக்க வேண்டாம், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிவிடுங்கள். அரைத்து வந்த காபித்தூள் 25 கிராம் போட்டு ஒரு கலக்குக் கலக்கி மூடி, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் லேசாகச் சுடவைத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு கிரீமைக் குடித்துவிடும். 100 மில்லி அளவுக்குக் கையில் கிடைக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்தால் தூளும் துவர்ப்பும் சேர்ந்து இறங்கும். மெதுவாக அழுத்தினால் போதும். வடித்த கிரீம் லேசான பழுப்பு நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், தாங்க முடியாத கடுமை இருக்க வேண்டும். வெள்ளைச் சாக்லேட் அதைச் சமன் செய்துவிடும்.

இப்போது அடி அடுக்கு. 20 சென்டிமீட்டர் சதுர டின்னுக்கான அளவு சொல்கிறேன். பாத்திரக்கடையில் கிடைக்கும் அலுமினிய டின் போதும். பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போடுங்கள், பிறகு முழுசாகத் தூக்கி எடுக்க அதுதான் பிடி. உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், கோகோ பவுடர் 20, மைதா 80, வெள்ளைச் சர்க்கரை 140, நாட்டுச் சர்க்கரை 60, மூன்று முட்டை, அரை டீஸ்பூன் உப்பு, கெட்டி முதல் டிகாஷன் இரண்டு மேசைக்கரண்டி. பேக்கிங் பவுடர் கிடையாது, சோடா கிடையாது. இது எழும்ப வேண்டிய பண்டம் இல்லை. தயவுசெய்து தராசில் நிறுத்துப் போடுங்கள். மைதாவைக் கப்பில் அமுக்கி அள்ளுவதற்கும் தூவி அள்ளுவதற்கும் இடையில் பிரௌனி கேக்காக மாறிவிடும். வீட்டில் கடைந்த வெண்ணெய் போடுகிறவர்கள், அதில் மோர் நிறைய இருக்கும், நன்றாகப் பிசைந்து நீரை வடித்துவிட்டு நிறுங்கள்.

டிகாஷனை எங்கே சேர்ப்பது என்பதுதான் இதில் நுட்பம். சாக்லேட் உருகும்போது அதில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் கண்ணெதிரே இறுகித் திரிந்துவிடும். ஆகவே டிகாஷன் கோகோவுக்குத்தான். ஒரு கிண்ணத்தில் கோகோ பவுடரைச் சலித்துப் போட்டு, டிகாஷனைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குழைத்து மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். திறக்கும்போது குனிந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். காய்ந்த பொடியாக இருந்தபோது அடங்கிக் கிடந்த மணம் முழுக்க எழும்பியிருக்கும். சூடு கோகோவின் கொழுப்பை இளக்கிவிடுகிறது, அதில் பிடிபட்டிருந்த வாசனை வெளியே வருகிறது. இந்த ஐந்து நிமிடத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வெண்ணெயையும் சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கி, கோகோக் குழம்பைக் கலந்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். அந்த நேரத்துக்கு வெண்ணெய் கூட இருப்பதால் திரிகிற பயம் இல்லை. இன்னொரு பாத்திரத்தில் முட்டை, இரண்டு சர்க்கரை, உப்பு. பிரௌனி மேலே பளபளவென்று காகிதம் போல் ஓர் ஏடு வெடித்து நிற்குமே, அதற்காகத்தான் பலரும் முட்டையையும் சர்க்கரையையும் பத்து நிமிடம் அடிப்பார்கள். சர்க்கரை நன்றாகக் கரைந்த முட்டை நுரை மேலே வந்து காய்வதுதான் அந்த ஏடு. தனி பிரௌனிக்கு அது அழகு. அடுக்கு பிரௌனிக்கு அது எதிரி. மேலே ஊற்றும் கிரீம் அந்த ஏட்டைத்தான் பிடித்துக்கொள்ளும், ஏடோ கீழே உள்ள பிரௌனியைப் பிடித்துக்கொள்ளாது. வெட்டினால் மேல் பாதி தனியாக வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே சர்க்கரை கரைகிற வரை கைக் கரண்டியால் கலந்தால் போதும், நுரைக்க வேண்டாம். பிறகு சாக்லேட்டைச் சேர்த்து, கடைசியில் மைதாவைச் சலித்துப் போட்டு வெள்ளை மறையும்வரை மட்டும் கலக்குங்கள்.

மாவு டின்னில் இறங்கும்போது இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பட்டையாக மடிந்து விழ வேண்டும். ஓடிஜியை 170 டிகிரிக்குத் திருகி, பதினைந்து நிமிடமாவது முன்சூடு செய்திருக்க வேண்டும். ஓடிஜியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். உள்ளே தொங்கவிடும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் உண்மையான சூடு தெரியும். பத்து இருபது டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். நடுத்தட்டில் வைத்து, மேல் கம்பி கீழ் கம்பி இரண்டும் எரிய, 24 முதல் 28 நிமிடம். 22-இலேயே எட்டிப் பாருங்கள். குச்சியை நடுவில் குத்தினால் ஈரத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். திரவமாக வழிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது, அடுக்கு போட்டுச் சாப்பிட அப்போதும் நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த ஈரப்பிசுக்கு போய்விடும்.

வெளியே எடுத்த உடனே ஒரு வேலை இருக்கிறது. சூடாக இருக்கும்போதே மேலே ஒரு பட்டர் பேப்பர் வைத்து, தட்டையான அடியுள்ள டம்ளரால் ஒரே சீராக மெல்ல அழுத்துங்கள். ஓரம் உயர்ந்து நடு தாழ்ந்திருப்பது சமமாகும், மீறி வந்த ஏடும் நொறுங்கி உள்ளே அமுங்கும், பிரௌனியும் இன்னும் அடர்த்தியாகும். பிறகு முழுக்க ஆறட்டும். தொட்டால் டின்னின் அடிப்பாகம்கூடக் குளிர்ந்திருக்க வேண்டும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்காக இங்கே ஒரு சொல். எங்கள் மாடி வீட்டு அக்கா, "உன் வீட்டு வாசனை படியேறி வந்துருது கண்ணு, எனக்கு மட்டும் ஒண்ணுமில்லை" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முட்டை இல்லாத பிரௌனியில் அந்தப் பளபள ஏடு வராது என்பது பெரிய குறையாகப் பேசப்படும். அடுக்கு பிரௌனிக்குத்தான் ஏடே வேண்டாமே! மூன்று முட்டைக்குப் பதில் 100 கிராம் கெட்டித் தயிர், 60 மில்லி பால், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். கொஞ்சம் கேக்குத்தனமாக வரும். மேலே வரும் இரண்டு அடுக்கின் செழுமை அதை ஈடுகட்டிவிடும். அக்கா ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "நடுவுல இருக்கிற காபி மட்டும் தனியா ஒரு கிண்ணம் குடு" என்றார். எனக்கு அதைவிடப் பாராட்டு வேண்டியதில்லை.

நடு அடுக்குக்கு வெள்ளைச் சாக்லேட் 280 கிராம், காபிக் கிரீம் 100 மில்லி, வெண்ணெய் 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளைச் சாக்லேட் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் என்று இருந்தால் அது சாக்லேட். அந்த இடத்தில் வனஸ்பதி வகை தாவரக் கொழுப்பு இருந்தால் அது காம்பவுண்ட். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடைகளில் பெரிய கட்டியாக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அச்சில் ஊற்றிப் பொம்மை செய்ய அது வசதி, இங்கே வேண்டாம். கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டில் உருகிவிடும், அதனால் வாயில் வைத்ததும் கரைந்து காபி வாசனையை வெளியே விடும். காம்பவுண்ட் கரையாமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு ராத்திரி முழுக்கக் காபியை ஊறவைத்துவிட்டு அதை மெழுகுக்குள் பூட்டி வைப்பானேன்?

வெள்ளைச் சாக்லேட் சூடு தாங்காது. பொடியாக நறுக்கி, அடுப்பை அணைத்துவிட்ட வெந்நீரின் மேல் வைத்துப் பாதி உருகியதும், சூடான காபிக் கிரீமை ஊற்றி ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளியே சின்ன வட்டமாகக் கலக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் திரிந்த மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், கலக்கக் கலக்கச் சேர்ந்து மினுமினுக்கும். நிஜமாகவே எண்ணெய் பிரிந்து நின்றால், வெதுவெதுப்பான பால் ஒரு கரண்டி விட்டு வேகமாகக் கலக்குங்கள், சேர்ந்துவிடும். கடைசியில் வெண்ணெயும் உப்பும். ஆறிய பிரௌனி மேல் ஊற்றி டின்னை மேடையில் இரண்டு தட்டுத் தட்டினால் சமமாகப் பரவும். குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம்.

மேல் பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. டார்க் சாக்லேட் 120 கிராம், கிரீம் 80 மில்லி, வெண்ணெய் 15 கிராம், அதே முறை. வெறும் சாக்லேட்டை மட்டும் உருக்கி ஊற்றினால் கெட்டித் தகடாக உறைந்து, வெட்டும்போது தாறுமாறாக உடைந்து நடு அடுக்கைப் பிதுக்கிவிடும். கிரீம் சேர்த்தால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஊற்றும்போது விரலில் தொட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. அதைவிடச் சூடாக இருந்தால் நடு அடுக்கு இளகி இரண்டும் கலந்துவிடும்.

நம் ஊர் வெயில் இதில் ஒரு பெரிய கட்சிக்காரர். சித்திரை மாதம் சமையலறை 34, 35 டிகிரி இருக்கும். வெண்ணெயும் கோகோ வெண்ணெயும் உருகுகிற சூடே ஏறக்குறைய அதுதான். வெளிநாட்டுக் குறிப்புகளில் அறைச் சூட்டில் உறையவிடுங்கள் என்று எழுதியிருப்பதெல்லாம் நமக்குப் பொருந்தாது. அடுக்குக்கு வெண்ணெய் கிரீம் வேண்டாம், சாக்லேட் கனாஷ்தான் என்று நான் முடிவு செய்ததற்கும் இதுவே காரணம், வெள்ளைச் சாக்லேட்டை அள்ளிப் போடுவதும் அடுக்கு நிற்பதற்காகத்தான். வெட்டி டப்பாவில் போட்டு வைத்ததைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். கோயமுத்தூரைவிடச் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது முக்கியம். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சாக்லேட் மேல் முத்து முத்தாகப் படிந்து, காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். டப்பாவோடு அரைமணி நேரம் வெளியே வைத்தால் வேர்வையெல்லாம் டப்பாவின் வெளிப்பக்கம் படியும், பண்டம் பளபளப்பாகவே இருக்கும்.

வெட்டுவதைக் குளிராக இருக்கும்போதே செய்துவிடுங்கள். நீளமான கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, அறுக்காமல் நேராக அழுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்து மறுபடி முக்க வேண்டும். நாலு ஓரத்தையும் ஒரு விரல் அகலம் சீவி எடுத்தால் உள்ளே அடுக்கு கோடு போட்ட மாதிரி தெரியும். சீவிய ஓரங்கள் பிள்ளைகளுக்கு. கனமான பண்டம் இது, சின்னத் துண்டு போதும். நாலுக்கு நாலாகப் பதினாறு துண்டு போடுகிறேன்.

செய்த அன்றே சாப்பிட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். மறுநாள்தான் அடி அடுக்கில் டிகாஷன் முழுக்க அடங்கிச் சாக்லேட் மட்டும் பேசும், நடுவில் காபி அதன் கசப்பையும் மணத்தையும் கூர்மையாக்கிக்கொண்டு நிற்கும். மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் ஐந்து நாள் தாங்கும். பரிமாறுவதற்கு அரைமணி முன்னால் எடுத்துவிடுங்கள், குளிரில் கோகோ வெண்ணெய் இறுகிக் கிடந்தால் எந்த மணமும் வராது.

இதோடு குடிக்க என்ன என்று கேட்டால், காபி வேண்டாம் என்பேன். சூடான காபி குடித்த வாயில் நடு அடுக்கின் காபி எடுபடாது, ஓர் இரவு ஊறியது வீணாகும். சர்க்கரை போடாத வெதுவெதுப்பான பால் அரை டம்ளர் கொடுங்கள். வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாலை ஆறு மணிக்குமேல் துண்டைப் பாதியாக்கிக் கொடுங்கள். அண்ணன் சேர்த்துக் கொடுத்த ரோபஸ்டாவில் கஃபீன் அதிகம், ராத்திரித் தூக்கம் தள்ளிப்போகும்.